தம்புராவின் காந்தாரமும் கீபோர்டின் காந்தாரமும் ஏன் உரசுகின்றன? ஹார்மனி எண்ணில் இருக்கிறதா, காதில் இருக்கிறதா?

அரைச்சுரம் கேட்டது:

வணக்கம். கர்நாடக சங்கீதம் கொஞ்சம் பாடுவேன், கீபோர்டு அதைவிடக் கொஞ்சம் குறைவாக வாசிப்பேன். ஒரு விஷயம் ரொம்ப நாளாக உறுத்துகிறது.

மின்தம்புராவை ஓடவிட்டு, அதே சுருதியில் கீபோர்டில் ச அழுத்தினால் அப்படியே உட்காருகிறது. ப-வும் சரி. அந்தர காந்தாரத்தை (இரண்டு க-வில் மேலே உள்ளது) அழுத்திப் பிடித்தால் மட்டும் ஒரு நடுக்கம். விரல் அசையவில்லை, கமகம் எதுவும் கிடையாது. ஒலி மட்டும் 'வவ்-வவ்-வவ்' என்று அலைகிறது. வேறு கீபோர்டிலும் பார்த்துவிட்டேன், அதே கதை.

இது சின்னக் கேள்வி. பெரிய கேள்வி ஒன்றும் கூடவே இருக்கிறது. ஹார்மனி பற்றி எதைப் படித்தாலும் பிதாகரஸில் ஆரம்பிக்கிறார்கள். 2:1, 3:2, 4:3 என்று எளிய விகிதங்கள். அப்புறம் கோள்களின் ஒத்திசைவு, ஆன்மாவின் ஒத்திசைவு, ஓவியத்தில் வண்ணங்களின் ஒத்திசைவு என ஒரே மூச்சில் போய்விடுகிறார்கள். எண்கள் அவ்வளவு கச்சிதம் என்றால் என் காந்தாரம் ஏன் உரச வேண்டும்? இந்த மூன்று இடத்திலும் பேசப்படுவது ஒரே சங்கதிதானா, இல்லை சங்கீதத்திலிருந்து மற்ற இரண்டுக்கும் இரவல் போனதா?

"ஒத்திசைவே வாழ்க்கை" மாதிரியான பதில்கள் வேண்டாம். அவை வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் வந்துவிடுகின்றன.

---

ட்யூனிங்சாவி பதில்:

கீபோர்டு பழுதில்லை, உங்க காதும் பழுதில்லை. நான் பியானோ ட்யூன் பண்றவன். நீங்க சொல்ற நடுக்கத்தை எண்ணித்தான் என் பிழைப்பே ஓடுது.

கணக்குக்கு வசதியா உங்க மத்திய ஸ்தாயி ச 240 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 240 அதிர்வுன்னு வெச்சுக்குவோம். தம்புராவோட மந்தர ஸட்ஜக் கம்பி 120. ஒரு கம்பியை மீட்டினா 120 மட்டும் வராது. 240, 360, 480, 600னு அதோட மடங்குகளும் கூடவே வரும். குதிரைக்கும் (கம்பியைத் தாங்குற கட்டை) கம்பிக்கும் நடுவுல ஜீவா நூல் வைக்கிறதே இந்த மேல்சுரங்களைக் கிளப்பிவிடத்தான். சி.வி. ராமன் 1921ல இதைப் பத்தியே ஒரு கட்டுரை எழுதியிருக்கார். எந்த இடத்துல மீட்டுறோமோ அங்கே அசைவில்லாத புள்ளி இருக்குற மேல்சுரம் ஒலிக்கக் கூடாதுங்கிறது கம்பிகளுக்கான பழைய விதி. தம்புராவும் வீணையும் அந்த விதியைச் சட்டையே பண்றதில்லை, காரணம் வளைஞ்ச குதிரைன்னு காட்டினார்.

அந்த வரிசையில அஞ்சாவது 600. அதைப் பாதியாக்கினா, அதாவது ஒரு ஸ்தாயி கீழே அதே சுரத்தை எடுத்தா, 300. 240க்கு 300, அதாவது 4க்கு 5. யாரும் மீட்டாமலே தம்புராவுல கேக்குற ஸ்வயம்பு காந்தாரம் இதுதான்.

உங்க கீபோர்டு குடுக்குற காந்தாரம் 302.4. அதோட மேல்சுரம் 604.8. அது தம்புராவோட 600 கூட மோதுது. ரெண்டு அதிர்வெண்ணுக்கும் எவ்வளவு வித்தியாசமோ, வினாடிக்கு அத்தனை தடவை ஒலி ஏறி இறங்கும். ஆக ஏறத்தாழ 5 'வவ்'. இன்னும் மேலே போனா இதைவிட வேகமான மோதலும் இருக்கு. ப-வுலயும் பிசகு உண்டு: சுத்தமான ப 360, கீபோர்டு ப 359.6. ஆனா அங்கே ஒரு வினாடிக்கு ஒரு அலைகூட முழுசா வராது. அதனால உங்க காது கண்டுக்காம விட்டுடுச்சு.

இதோட முடிஞ்சா பரவாயில்லை. மூணாவது காந்தாரம் ஒண்ணு இருக்கு. சிலப்பதிகார உரையில நரம்புகளுக்கு, அதாவது சுரங்களுக்கு, நடுவுல இணை, கிளை, நட்பு, பகைன்னு உறவு சொல்லுவாங்க. கிளைன்னு வர்ற வரிசை குரல், இளி, துத்தம், விளரி, கைக்கிளை. இப்போதைய பேர்ல ச, ப, ரி, த, க. ஒவ்வொண்ணும் முன்னதுலேர்ந்து ஒரு பஞ்சமம். ச 240ல கிளம்பி ஒவ்வொரு பஞ்சமத்தையும் சுத்தமா 3:2ன்னே எடுத்துக்கிட்டுப் போய், ஸ்தாயி தாண்டும்போதெல்லாம் பாதியாக்கிட்டு வாங்க. 360, 270, 405, கடைசியில க 303.75.

300, 302.4, 303.75. மூணும் காந்தாரம்தான். முதலாவதும் மூணாவதும் ரெண்டுமே 'எளிய எண்கள்' பெத்த பிள்ளைங்க. ரெண்டும் ஒத்துப்போகலை! பிதாகரஸ் கதையில இந்த இடம் வர்றதுக்குள்ள எல்லாரும் கோள்களுக்குத் தாவிடுறாங்க.

(பிதாகரஸ் கொல்லன் பட்டறையில இனிமையாச் சேர்ந்து ஒலிச்ச சுத்தியல்களை நிறுத்துப் பார்த்தார், எடை 2:1, 3:2ன்னு இருந்துச்சுன்னு கதை வருமே, அது சும்மா. கம்பியில எடையைத் தொங்கவிட்டுப் பார்த்தா ஒரு ஸ்தாயி ஏற எடை 4 மடங்கு வேணும், 2 மடங்கு இல்லை. அதைச் சோதிச்சு எழுதினவர் வின்சென்சோ கலிலி, வான சாஸ்திரி கலிலியோவோட அப்பா. அவரும் ஒரு வாத்தியக்காரர்தான்.)

இப்போ என் வேலைக்கு வர்றேன். பன்னெண்டு பஞ்சமம் ஏறினா ஏழு ஸ்தாயி தாண்டி மறுபடி ச-வுக்கே வரணும். வராது. 3ஐ எத்தனை தடவை பெருக்கினாலும் ஒத்தப்படை, 2ஐ எத்தனை தடவை பெருக்கினாலும் ரெட்டப்படை. ரெண்டும் எந்தக் காலத்துலயும் சந்திக்காது. 531441க்கு 524288ன்னு வந்து நிக்கும். அரைச்சுரத்துல கிட்டத்தட்ட கால்வாசி மிச்சம். கடவுளே வந்து ட்யூன் பண்ணினாலும் அந்த மிச்சம் போகாது. எங்கே ஒளிச்சு வைக்கிறதுங்கிறது மட்டும்தான் நம்ம கையில.

ஐரோப்பாவுல பழைய ஆர்கன்காரங்க பன்னெண்டுல எட்டுக் காந்தாரத்தைச் சுத்தமா வெச்சுக்கிட்டு, அதுக்காக மத்த பஞ்சமங்களைக் கொஞ்சம் குறைச்சு, சேர்ந்த பிசகை எல்லாம் ஒரே ஒரு பஞ்சமத்துல கொண்டுபோய்த் தள்ளினாங்க. அது ஊளையிடும், அதுக்கு 'ஓநாய்'னே பேரு. அந்தப் பக்கம் போற பாட்டை எழுதவே மாட்டாங்க. அப்புறம் வெர்க்மைஸ்டர்ங்கிற ஜெர்மன் ஆர்கன்காரர் மாதிரி ஆளுங்க 1691 வாக்குல நாலஞ்சு பஞ்சமத்துக்குப் பிரிச்சுக் குடுத்தாங்க. சீனாவுல ஜூ ஸாய்யூங்கிற இளவரசர் 1584லயே 12க்கும் சமமாப் பங்கு போடுற கணக்கைப் போட்டு வெச்சிருந்தார். உங்க கீபோர்டுல இருக்குறது அந்தச் சமப் பங்கீடு.

பியானோ நடுப்பகுதியில ஒரு சுரத்துக்கு மூணு கம்பி. ஃபெல்ட் பட்டையைச் சொருகி ரெண்டை ஊமையாக்கிட்டு, நடுக் கம்பியை மட்டும் வெச்சு ஒரு ஸ்தாயியை முதல்ல அமைப்பேன். நடு C-க்குக் கீழே இருக்கிற F-ஐயும் A-யையும் சேர்த்து அழுத்தினா வினாடிக்கு 7 அலை வரணும். C–E போனா 10க்குக் கொஞ்சம் மேலே. கீழேர்ந்து மேலே போகப்போக அந்த வேகம் சீரா ஏறணும். நடுவுல ஒரு ஜோடி மட்டும் அலையே இல்லாம அமைதியா, தேன் மாதிரி இருந்துச்சுன்னா எனக்கு வயித்துல புளி கரைக்கும். அந்த ஒண்ணு அவ்வளவு சுத்தமா இருக்குன்னா, பக்கத்துல ரெண்டு கெட்டுப்போயிருக்குன்னு அர்த்தம்.

என்னைக் கேட்டா ஹார்மனின்னா இதுதான். தீராத மிச்சத்தை யார் தலையில, எவ்வளவு கட்டுறதுங்கிற தீர்மானம்.

---

குறுக்குக்கேள்வி பதில்:

சாவி அண்ணா சொன்னது அருமை. ஆனால் "சுத்தமானது இனிமை, உரசுவது கசப்பு" என்பதையே இயற்கை என்று எடுத்துக்கொள்ளலாமா? பொலிவியாவில் சிமானே என்ற பழங்குடிகளிடம் ஜாஷ் மெக்டெர்மாட் குழு நடத்திய ஆய்வு 2016ல் நேச்சர் இதழில் வந்தது. சேர்ந்து பல சுரங்கள் ஒலிக்கும் இசை அவர்கள் வழக்கத்தில் இல்லை. மேற்கத்தியர் 'இனிமை' என்னும் சுரக் கூட்டுகளும் 'கடூரம்' என்னும் கூட்டுகளும் அவர்களுக்கு ஒரே அளவு பிடித்திருந்தன. அலை அடிக்கும் கரகரப்பு மட்டும் அவர்களுக்கும் பிடிக்கவில்லை. அதாவது நடுக்கம் பிடிக்காதது உடம்பிலேயே இருக்கலாம், மற்றது பழக்கம்.

இன்னொன்று. ஓவியப் பக்கம் யாராவது தங்க விகிதத்தை (ஏறத்தாழ 1.618:1) எடுத்துக்கொண்டு வருவதற்குள் நான் ஓடிவிடுகிறேன்.

---

சாம்பல்நிறம் பதில்:

ஓட வேண்டாம், நானே அதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். 1876ல் ஃபெக்னர் என்ற ஜெர்மானியர் பல செவ்வகங்களைக் காட்டி, எது பிடிக்கிறது என்று ஆட்களைக் கேட்டார். தங்க விகிதத்துக்கு அருகில் உள்ளது முதலிடம் வந்தது. பின்னாளில் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அதே விடை உறுதியாகக் கிடைக்கவில்லை. ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் மேல் அந்தச் செவ்வகத்தை வரைந்து காட்டும் படங்களில், எந்தப் படியிலிருந்து அளக்கிறார்கள் என்று பாருங்கள். படத்துக்குப் படம் மாறும். அவ்வளவுதான்.

நான் ஆயில் பெயின்டிங் செய்பவள். அரைச்சுரம் கேட்டதற்கு நேராக வருகிறேன்: சங்கீதத்திலிருந்து வண்ணத்துக்குப் போனது இரவல்தான். அதுவும் சரியாகப் பொருந்தாத இரவல்.

நியூட்டன் 1704ல் 'ஆப்டிக்ஸ்' நூலில் நிறங்களை வட்டமாக வைத்து, ஏழாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் அகலத்தையும் சுர இடைவெளிகளோடு பொருத்தினார். அழகான யோசனை. கண் அப்படி வேலை செய்வதில்லை. ச-வும் க-வும் சேர்ந்து ஒலித்தால் இரண்டும் தனித்தனியாகக் கேட்கின்றன. நடுவில் ரி என்று ஒன்று கேட்காது. சிவப்பு ஒளியையும் பச்சை ஒளியையும் ஒரே இடத்தில் விழவிட்டால் இரண்டுமே காணாமல் போய் மஞ்சள் தெரியும். உங்கள் போன் திரையில் தெரியும் மஞ்சளெல்லாம் அப்படி வந்ததுதான். காது பிரித்துக் கேட்கிறது, கண் கலந்து பார்க்கிறது. ஆகவே 'வண்ணங்களின் சுரக்கூட்டு' என்று யாராவது விகிதம் போட்டுச் சொன்னால் நான் நம்புவதில்லை.

ஆனால் சாவி சார் சொன்ன "பக்கத்தில் இருப்பது கெடுகிறது" விவகாரம் எங்களிடம் அப்படியே இருக்கிறது. ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் பாரீசில் கோபெலின் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாளர். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது, சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. சோதித்தார், சாயத்தில் ஒரு குறையும் இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்ததால்தான் கறுப்பு செத்துத் தெரிந்தது. 1839ல் அதை விதியாகவே எழுதினார்: பக்கத்துப் பக்கத்து நிறங்கள், ஒன்று மற்றதைத் தன் எதிர்நிறத்தின் பக்கம் தள்ளும்.

நீங்களே செய்து பார்க்கலாம். கறுப்பும் வெள்ளையும் மட்டும் கலந்து ஒரு நடுத்தரச் சாம்பல் எடுங்கள். ஒரே கலவையிலிருந்து இரண்டு தொடுதல்: ஒன்று பளிச்சென்ற ஆரஞ்சுக்கு நடுவில், மற்றொன்று நீலத்துக்கு நடுவில். முதலாவது நீலமாகத் தெரியும், இரண்டாவது லேசாகச் செம்மஞ்சள் காட்டும். கத்தியால் சுரண்டி இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒன்றேதான். நிழலுக்கு நீலம் வேண்டுமென்று நீலத்தையே பிதுக்கிப் போடுபவர்கள் கெட்டார்கள். பாதி நேரம் அங்கே சாம்பல் போதும், பக்கத்து ஆரஞ்சு மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

அதனால் ஒரு நிறம் 'சரியா' என்று தனியாகக் கேட்க முடியாது. படம் பாதியில் இருக்கும்போது எல்லாமே தப்பாகத்தான் இருக்கும். கடைசி மூலையை நிரப்பும்போது முதல் நாள் போட்ட சிவப்பு மாறிவிடும். என் பார்வையில் ஓவியத்தின் ஹார்மனி ஒரு விகிதமே இல்லை, கணக்குத் தீர்க்கும் வரிசை.

---

ஏட்டுச்சுரை பதில்:

தத்துவப் பக்கத்துக்கு ஆள் இல்லாததால் நான் வருகிறேன். என் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவல் என்று சாம்பல்நிறம் அம்மா சொன்னார். தத்துவத்துக்கு வந்தது இரவலாக இருந்தாலும், சண்டையும் கூடவே வந்துவிட்டது என்பேன். பிளேட்டோவின் 'ஃபீடோ'வில், சாக்ரடீஸ் விஷம் குடிக்க வேண்டிய நாளில், சிமியாஸ் என்ற இளைஞர் சங்கடமான கேள்வி ஒன்றைப் போடுகிறார். யாழின் சுருதி கண்ணுக்குத் தெரியாது, உடம்பில்லாதது, அழகானது. ஆனால் யாழை உடைத்தால் சுருதியும் போய்விடுகிறதே! ஆன்மாவும் உடம்பின் சுருதிதான் என்றால், உடம்பு அழியும்போது அது எங்கே மிஞ்சும்? கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு முகம் வாடிவிடுகிறது.

சாக்ரடீஸ் சொல்லும் பதில்களில் எனக்கு முக்கியமாகப் படுவது இது: சுருதி கம்பிகளுக்கு அடங்கித்தான் நடக்கும், கம்பிகளை எதிர்த்து ஆணை போடாது. ஆன்மாவோ, தாகம் எடுக்கும்போதும் குடிக்காதே என்று உடம்பை எதிர்த்து நிற்கிறது. ஆகவே அது சுருதி அல்ல. தர்க்கமாக நன்றாகத்தான் இருக்கிறது. ட்யூனிங் தொழிலாளி ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாரா என்பது சந்தேகம்.

கிட்டத்தட்ட அப்படி ஒருவர் பிறகு வந்தார். அரிஸ்டாக்சீனஸ், அரிஸ்டாட்டிலின் மாணவர், இசைக் குடும்பத்துப் பிள்ளை. இசையில் அவர் பிதாகரஸ் கோஷ்டிக்கு எதிரி. விகிதங்களை விடுங்கள், சுரத்துக்குக் காதே நீதிபதி என்றார். அதே மனிதர் தத்துவத்தில், ஆன்மா என்பது உடம்பின் முறுக்கேற்றம், சுருதி போல ஒன்று என்றும் சொன்னதாக ரோமானிய எழுத்தாளர் சிசரோ எழுதுகிறார். எழுதிவிட்டு நக்கலும் அடிக்கிறார்: தத்துவத்தைத் தன் ஆசிரியர் அரிஸ்டாட்டிலிடம் விட்டுவிட்டு இவர் பாட்டுச் சொல்லிக்கொடுக்கட்டும் என்று. எனக்கு அரிஸ்டாக்சீனஸ்தான் நாணயமானவராகத் தெரிகிறார். ஹார்மனி கம்பிக்கு மேலே எங்கோ எண்ணில் இருக்கிறது என்றால் கம்பி அறுந்தாலும் அது இருக்கும். கம்பியில்தான் இருக்கிறது என்றால் கம்பியோடு போகும். இசையில் எந்தப் பக்கம் நின்றாரோ, உயிர் விஷயத்திலும் அதே பக்கம் நின்றார்.

மிச்சம் பற்றிச் சாவி சார் சொன்னதற்கு ஒரு துணை. வானியலாளர் கெப்ளர் 1619ல் கோள்களின் ஹார்மனியைக் கண்டதாக எழுதினார். சனி சூரியனுக்குத் தொலைவில் இருக்கும்போதும் அருகில் இருக்கும்போதும் ஒரு நாளில் நகரும் கோணங்களின் விகிதம் 4:5, அதாவது நம் 300 ஹெர்ட்ஸ் காந்தாரம். அவர் கையில் இருந்த எண்கள் 106, 135. கச்சிதமான 4:5க்கு 108, 135 வேண்டும். வானத்திலும் மிச்சம் இருந்தது, அவர் அதைத் தாராளமாக மன்னித்தார். ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் மட்டும்தான் துளி மிச்சமும் இல்லாத ஹார்மனி சொன்னவர்: உடலும் மனமும் கடவுள் ஆதியிலேயே சேர்த்து ஓடவிட்ட இரண்டு கடிகாரங்கள். அதில் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. எனக்கு அது ஹார்மனியாகவே படவில்லை.

இதைச் சீனத்து யான் யிங் இன்னும் பச்சையாகச் சொன்னார். கி.மு. 522ல் நடந்ததாக 'ஸோ ஜுவான்' வரலாறு சொல்லும் பேச்சு. சீ நாட்டு அரசர், தன் மனம் போலவே பேசும் ஓர் அமைச்சரைக் காட்டி, இவர் ஒருவர்தான் என்னோடு இசைந்து போகிறவர் என்றார். யான் யிங், அது இசைவு அல்ல, வெறும் ஒன்றுபோல் இருத்தல் என்றார். அரசர் சரி என்பதில் உள்ள தவறை எடுத்துச் சொல்பவர்தான் இசைந்து போகிறவர். தண்ணீரில் தண்ணீரை ஊற்றிச் சமைத்தால் யார் சாப்பிடுவது, யாழில் ஒரே சுரத்தையே மீட்டினால் யார் கேட்பது என்று கேட்டார். அந்த அமைச்சரின் நிலைமை அன்றைக்கு என்ன ஆனதோ.

---

அரைச்சுரம் பதில்:

அனைவருக்கும் நன்றி. கேட்டதைவிட நிறையக் கிடைத்தது. சாவி சாரிடம் இன்னொன்று. பியானோவில் கம்பி கட்டிவைத்தது, மாற்ற முடியாது, அதனால் பங்கு போட வேண்டியிருக்கிறது. குரலுக்கு அந்தக் கட்டு இல்லையே? ஒவ்வொரு சுரத்தையும் அந்த அந்த இடத்தில் சுத்தமாகப் பிடித்துப் பாடினால் மிச்சம் இல்லாமலே தப்பித்துவிடலாம் அல்லவா?

---

ட்யூனிங்சாவி பதில்:

தப்பிக்க முடியாது. பெனடெட்டின்னு ஒரு இத்தாலியர் 1585லயே இதை அச்சுல போட்டுட்டார்.

தம்புராவை நிறுத்திட்டு ச 240ல ஆரம்பிங்க. மேலே ப, சுத்தமா 3:2, 360. அங்கேர்ந்து கீழே ரி, சுத்தமா 4:3, 270. மேலே த, 3:2, 405. இப்போ த-வுலேர்ந்து கீழே ச-வுக்கு வரணும். அந்த இடைவெளி சுத்தமா 5:3. 405ஐ 5ஆல வகுத்து 3ஆல பெருக்குங்க. 243.

ஒரு இடத்துலகூட நீங்க தப்பாப் பாடலை, ஆனா ச மூணு ஹெர்ட்ஸ் ஏறிப்போச்சு. இதையே அஞ்சு சுத்து பாடினா அரைச்சுரம் மேலே நிப்பீங்க. பக்கவாத்தியம் இல்லாம பாடுற சேர்ந்திசைக் குழுக்கள் சுருதி நகர்ந்துபோறதுக்கு இதுவும் ஒரு காரணம். அவங்களுக்கு மிச்சம் ஆதார சுருதியில போய் விழுது. பியானோவுல எல்லாச் சுரத்துலயும் துளித்துளியா விழுது.

தம்புரா ஓடும்போது ச நகரவே நகராது, ப-வும் நகராது. அந்த ரெண்டும் தள்ளிவிடுற மிச்சம் மத்த சுரங்களுக்கு நடுவுல போய் உட்காரும். தம்புராவோட த பிடிக்கிறவங்க பெரும்பாலும் 400ல போய் நிப்பாங்க, ஏன்னா 240க்கு அதுதான் சுத்தம். ரி 270லேர்ந்து பார்த்தா அந்த 400 சுத்தமான பஞ்சமம் இல்லை, நல்லாவே இறங்கின பஞ்சமம். ஆனா ரியும் தவும் ஒரே நேரத்துல ஒலிக்கிற சந்தர்ப்பம் ராகத்துல எங்கே வருது? ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வரும், ரெண்டையும் ச கூடத்தான் ஒப்பிட்டுக் கேப்பீங்க. அதனால யாருக்கும் உறுத்தாது.

கீபோர்டு விஷயத்துக்கு ஒரு வழி: செட்டிங்ஸ்ல டெம்பரமென்ட், இல்லாட்டி ஸ்கேல் ட்யூனிங்னு இருக்கான்னு தேடுங்க. நிறைய மாடல்ல உண்டு. காந்தாரத்தை மட்டும் 14 சென்ட் இறக்குங்க. ஒரு அரைச்சுரத்துக்கு 100 சென்ட். தம்புராவோட நடுக்கம் நின்னுடும். அப்புறம் அதே அமைப்புல, இறக்கின அந்தச் சாவியையே ச-வா வெச்சு ஒரு ராகம் வாசிச்சுப் பாருங்க, பஞ்சமம் என்ன பாடு படுதுன்னு தெரியும்.